900 ஆண்டுப் புத்தகத்தைப் படிக்கலாம்! 16 ஆண்டுத் தட்டைப் படிக்க எந்திரம் எங்கே?

இங்கிலாந்து நாட்டில் இரண்டு "புத்தகங்கள்" உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

ஒன்று, ஆட்டுத் தோலில் மையால் எழுதியது. மற்றொன்று, கண்ணாடி போல் பளபளக்கும் தட்டில் பதிந்தது.

தோல் புத்தகத்துக்கு வயது 900-க்கு மேல் ஆகிறது. அதை இன்றும் படிக்கிறார்கள்.

தட்டுக்கு 16 வயது ஆனபோதே, "இதைப் படிக்க எந்திரத்துக்கு எங்கே போவது?" என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள்!

இது ஏதோ வெள்ளைக்காரர் வீட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பரணில் கல்யாண வீடியோ கேசட்டைப் போட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

மன்னர் எடுத்த கணக்கு

1066-ம் ஆண்டு, வில்லியம் என்ற மன்னர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். நாட்டைப் பிடித்தால் போதுமா? வரி வாங்க வேண்டாமா?

20 ஆண்டு கழித்து, 1086-ம் ஆண்டு, நாட்டில் கணக்கு எடுக்க வைத்தார். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை குடியானவர்கள், தண்ணீரில் ஓடும் மாவு ஆலைகள் எத்தனை என்று ஊர் ஊராகப் போய் எழுதினார்கள். 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள் அதில் வந்தன.

ஜனங்கள் அதற்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்று பெயர் வைத்தார்கள். "டூம்ஸ்டே" என்றால் கடவுளின் தீர்ப்பு நாள். அந்தப் புத்தகத்தில் எழுதியதே முடிவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது! அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தப் புத்தகம் இப்போது லண்டனில் கியூ என்ற இடத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது லத்தீன் மொழியில் எழுதியது. லத்தீன் தெரிய வேண்டும். வெளிச்சம் வேண்டும். கண் வேண்டும். அவ்வளவுதான். பிளக் செருக வேண்டியது இல்லை.

10 லட்சம் பேர் எழுதிய தட்டு

1986-ம் ஆண்டு வந்தது. மன்னர் எடுத்த கணக்குக்கு 900 ஆண்டு நிறைந்தது.

பி.பி.சி. நிறுவனத்தாருக்கு ஓர் ஆசை பிறந்தது. "அன்று மன்னர் எழுதினார். இன்று மக்கள் எழுதட்டும்" என்று முடிவு செய்தார்கள்.

நாட்டை 4 கிலோ மீட்டர் நீளம், 3 கிலோ மீட்டர் அகலம் உள்ள கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கோ, ஊர்ச் சங்கத்துக்கோ கொடுத்தார்கள். பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினார்கள். ஊரில் என்ன கடை இருக்கிறது, வீட்டில் என்ன சாப்பிடுகிறோம், மாலையில் என்ன விளையாடுகிறோம் என்றெல்லாம் எழுதினார்கள். போட்டோ பிடித்தார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் இதில் கலந்து கொண்டார்கள்.

எழுதியதை எல்லாம் தோசைக்கல் அளவுள்ள லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். அதைப் பார்க்கத் தனி எந்திரம், தனிக் கம்ப்யூட்டர். எல்லாம் சேர்ந்து சுமார் 5 ஆயிரம் பவுன் விலை! எத்தனை பள்ளிக்கூடம் வாங்கும்? அந்தத் தட்டில் எழுதிய பிள்ளைகளிலேயே பலர், தாங்கள் எழுதியதைத் திரையில் பார்த்தது இல்லை.

அதற்குள் காலம் ஓடிவிட்டது. சின்னத் தட்டு வந்தது. வேறு கம்ப்யூட்டர்கள் வந்தன. பழைய எந்திரத்தைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இருந்தவையும் ஒவ்வொன்றாகப் பழுதாயின.

2002-ம் ஆண்டு பார்த்தால், ஓடக்கூடிய எந்திரங்கள் மிகச் சிலவே மிஞ்சி இருந்தன.

தட்டு கெட்டுப் போகவில்லை. அதில் உள்ள எழுத்தும் அழியவில்லை. அதைப் படிக்கும் வழி அடைபட்டுப் போயிற்று. பெட்டி இருக்கிறது, நகை இருக்கிறது, சாவியைக் காணோம்!

கம்ப்யூட்டர் போட்ட வேஷம்

இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகமும், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தப் பூட்டைத் திறக்க முன்வந்தன.

அவர்கள் செய்தது வேடிக்கையான காரியம். புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் போல் நடிக்க வைத்தார்கள்! தட்டில் இருந்த தகவலை ஓடுகிற பழைய எந்திரம் ஒன்றின் மூலம் வெளியே எடுத்தார்கள். பிறகு, "நீ 1986-ம் ஆண்டுக் கம்ப்யூட்டர்" என்று புதுக் கம்ப்யூட்டரை நம்ப வைக்கும் புரோகிராம் எழுதினார்கள். 2002 முடிவதற்குள் அது வேலை செய்தது.

2011-ம் ஆண்டு, மக்கள் எழுதிய பகுதியை பி.பி.சி. இணையத்தில் வெளியிட்டது. பிள்ளைகளாக இருந்தபோது எழுதியவர்கள், 25 ஆண்டு கழித்துத் தங்கள் எழுத்தைப் பார்த்தார்கள்.

கதை முடிந்ததா? இல்லை. 2018-ம் ஆண்டு அந்த இணையதளமும் மூடப்பட்டது! நல்ல வேளையாக, அதன் நகலைத் தேசிய ஆவணக் காப்பகம் எடுத்து வைத்துக் கொண்டது. தோல் புத்தகம் இருக்கும் அதே காப்பகம்!

சந்திரன் படத்துக்கும் இதே கதி

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது.

1966, 1967-ம் ஆண்டுகளில் 5 ஆளில்லாக் கலங்களைச் சந்திரனைச் சுற்ற அனுப்பினார்கள். மனிதன் இறங்கத் தோதான இடம் தேடி அவை படம் பிடித்தன. அந்தப் படங்கள் பெரிய காந்த நாடாக்களில் பதிவாயின. அந்த நாடாக்களைப் படிக்கும் எந்திரமோ, ஆள் உயர அலமாரி போன்றது.

வேலை முடிந்ததும் நாடாக்களை யாரும் சீண்டவில்லை. நான்சி எவன்ஸ் என்ற பெண் அதிகாரி மட்டும், "இதைத் தூக்கி எறியக்கூடாது" என்று பிடிவாதமாகக் காப்பாற்றினார். பழுதான எந்திரங்களையும் தன் பொறுப்பில் வாங்கி வைத்தார்.

2008-ம் ஆண்டு, டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவரும், ஒரு சிறு குழுவும் அந்த எந்திரத்தைப் பழுது பார்த்தார்கள். எங்கே தெரியுமா? கலிபோர்னியாவில், மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில்! முதலில் அவர்கள் மீட்ட படம், சந்திரனுக்கு அப்பால் பூமி எட்டிப் பார்க்கும் காட்சி. 1966-ல் வெளியான படத்தைவிட அது தெளிவாக இருந்தது.

நம்பர்தான் எல்லாம்

சரி, இந்தச் சிக்கல் எல்லாம் ஏன் வருகிறது?

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது. பாட்டுத் தெரியாது. படமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது நம்பர் மட்டும். அதிலும் சைபர், ஒன்று என்ற இரண்டே இலக்கம்.

"இந்த நம்பர் வந்தால் இந்த எழுத்து" என்று மனிதர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பெயர்தான் பார்மேட். ஒரு பேச்சில் இருப்பதை வேறொரு பேச்சுக்கு மாற்றுவது பார்மேட் மாற்றம்.

இதில் மிகவும் அடிபட்டது நம் தமிழ்தான்.

கம்ப்யூட்டரில் 109 என்ற நம்பர் வந்தால், ஆங்கில "எம்" என்ற எழுத்து. 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நம்பரை அப்படியே விட்டுவிட்டு, படத்தை மட்டும் மாற்றினார்கள். "பாமினி" என்ற எழுத்துருவில் 109 வந்தால் திரையில் "அ" தெரியும்.

"அம்மா" என்று அடித்தால், தமிழ் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் அம்மாவைக் காணோம். அந்த ஆங்கில எழுத்துகள்தான் பல்லை இளிக்கும்.

ஒரு எழுத்துருவாக இருந்தாலும் சமாளிக்கலாம். அச்சகத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, வெளிநாட்டுத் தமிழருக்கு ஒன்று என்று கிளம்பின. 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி, "டாம்", "டாப்" என்று பொது முறைகளைப் பரிந்துரைத்தார்கள். இணையத் தமிழர்கள் "திஸ்கி" என்ற முறையை வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கடந்து நின்றது யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி நம்பர் கொடுக்கும் முறை அது. அதில் "அ" என்ற எழுத்தின் நம்பர் 2949. அது வேறு எந்த எழுத்துக்கும் கிடையாது. 2010-ம் ஆண்டு தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது.

அதற்குள் அடித்து வைத்த கதைகளும், கட்டுரைகளும், கல்யாணப் பத்திரிகைகளும் எத்தனையோ! அவற்றை யூனிகோடுக்கு மாற்ற "மாற்றி" என்ற புரோகிராம்கள் வந்தன.

கேட்க எளிது. ஆனால் தமிழ் சும்மா விடுமா?

"கெ" என்று பழைய முறையில் அடிக்கும்போது, முதலில் கொம்பு, பிறகுதான் "க". யூனிகோடில் முதலில் "க", பிறகு கொம்பு. "கொ" என்றால் இன்னும் மோசம். பழைய முறையில் முன்னே ஒரு துண்டு, நடுவில் "க", பின்னே ஒரு துண்டு. மாற்றி இதை எல்லாம் கூட்டிப் பெருக்கி, சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஏமாந்தால், கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிவிடும்.

நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால், அதையும் மாற்றி தமிழ் என்றே நினைத்துக் கொள்ளும். மளிகைக் கடைப் பட்டியலில் "சுகர்" என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், அது "ளரபயச" ஆகிவிடும். அந்தச் சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆகவே மாற்றிய பிறகு மனிதன் ஒரு முறை படித்துப் பார்த்தே தீர வேண்டும். மதுரைத் திட்டம் என்ற பெயரில் 1998 பொங்கல் நாள் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய தொண்டர்கள், திஸ்கி முறையில் வெளியிட்டார்கள். பிறகு யூனிகோடிலும் வெளியிட்டார்கள். கூலி இல்லாத வேலை. இன்று செல்போனில் சங்க நூல்களைத் தேடிப் படிக்க முடிகிறது என்றால், அவர்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து செய்த வேலைதான் காரணம்.

யோசித்துப் பார்த்தால் இது புதிய வேலையும் அல்ல. ஓலையைப் பூச்சி அரிக்கும். அரிப்பதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். பழைய ஓலையை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். பெயர்த்து எழுதாமல் ஆற்றில் விட்டவை போனவைதான். ஓலையில் இருந்ததை உ.வே.சாமிநாத அய்யர் அச்சுக்குக் கொண்டு வந்தார். 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. அவர் செய்ததும் ஒரு பார்மேட் மாற்றம் என்று சொன்னால் தப்பில்லை.

பாலில் கலந்த தண்ணீர்

எழுத்தை மாற்றும்போது கவனமாக இருந்தால் ஒன்றும் குறையாது. பாட்டும் படமும் அப்படி அல்ல.

சி.டி. தட்டில் ஒரு நொடிப் பாட்டு 44,100 துண்டுகளாக அளந்து வைக்கப்படுகிறது. ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. இடம் வேண்டும். ஜெர்மனியில் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பெரிய சத்தம் வரும்போது பக்கத்தில் உள்ள சிறிய சத்தம் மனிதன் காதில் விழாது. விழாததை ஏன் வைத்திருக்க வேண்டும்? வெட்டிவிட்டார்கள்! 10 எம்.பி. பாட்டு, ஒரு எம்.பி. ஆயிற்று. அதுதான் "எம்.பி.3". அந்தப் பெயர் சூட்டியது 1995-ம் ஆண்டு.

வெட்டியது திரும்ப வராது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எம்.பி.3 பாட்டை மறுபடியும் பெரிய பார்மேட்டுக்கு மாற்றினால், இடம்தான் பெரிதாகும். பாட்டு பழைய பாட்டு ஆகாது. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குடத்தில் ஊற்றினால் கெட்டிப் பால் ஆகுமா?

போட்டோவில் "ஜே.பி.ஜி." என்பதும் அதே ஜாதி. பார்ப்பதாலோ, அப்படியே காப்பி எடுப்பதாலோ படம் கெடாது. திறந்து, திருத்தி, மறுபடியும் சேமிக்கும்போது கொஞ்சம் போகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் அது சுருக்கித்தான் அனுப்பும். "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்பினால் உள்ளபடி போய்ச் சேரும்.

இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கிறது. விண்ணப்பத்துக்கு ஜே.பி.ஜி. படம் கேட்பார்கள். ஐபோனில் எடுத்த படமோ வேறு பார்மேட்டில் இருக்கும். 2017-ம் ஆண்டு முதல் அந்த வழக்கம். உடனே சிலர் கோப்பின் பெயரில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி, "ஜே.பி.ஜி." என்று போட்டு அனுப்புகிறார்கள். உளுந்து மூட்டையின் மேல் "அரிசி" என்று எழுதினால், உள்ளே இருப்பது அரிசி ஆகிவிடாது. விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

விஞ்ஞானியை மிரட்டிய காலண்டர்

படித்த பெரியவர்களும் இதில் சறுக்கி இருக்கிறார்கள்.

மனித உடலில் உள்ள மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர் உண்டு. ஒன்றின் பெயர் "மார்ச் 1". இன்னொன்று "செப்ட் 1". விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களை "எக்சல்" என்ற கணக்குத் தாளில் அடித்தார்கள். எக்சல் என்ன செய்தது? "ஓகோ, தேதி!" என்று எண்ணி, மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிவிட்டது!

2016-ம் ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியலை எக்சலில் கொடுத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில், சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தத் தவறு இருந்தது. கடைசியில் யார் பணிந்தது தெரியுமா? விஞ்ஞானிகள்தான். 2020-ம் ஆண்டு, அத்தகைய மரபணுக்களின் பெயரையே மாற்றிக் கொண்டோம் என்று அறிவித்தார்கள்.

கடையிலோ, ஆபீசிலோ போன் நம்பர்ப் பட்டியலைக் கணக்குத் தாளில் திறப்பவர்களும் கவனிக்க வேண்டும். நம்பருக்கு முன்னால் உள்ள சைபரை அது விழுங்கிவிடும். முதலிலேயே "இது எழுத்து, கணக்கு அல்ல" என்று அந்தப் பத்திக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பரணில் இருப்பது

இனி வீட்டுக் கதை.

பல வீடுகளில் பாட்டியின் குரல் ஆடியோ கேசட்டில் இருக்கிறது. கல்யாணம் வீடியோ கேசட்டில் இருக்கிறது. பிள்ளையின் முதல் பிறந்த நாள் சி.டி.யில் இருக்கிறது. எதை முதலில் மாற்றுவது?

வீடியோ கேசட்டைத்தான். ஆடியோ கேசட் ஓட்டும் கருவி இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. வீடியோ கேசட் ஓட்டும் எந்திரம் அப்படி இல்லை. கடைசியாகச் செய்து வந்த ஜப்பான் கம்பெனியான புனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பவை எல்லாம் பழைய எந்திரங்கள். ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும்.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாவைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் எந்திரத்தில் போடவே கூடாது. நாடாவும் கெடும், எந்திரத்தின் தலையும் கெடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரிடம், "எவ்வளவு சின்னதாகச் சுருக்குவீர்கள்?" என்று கேட்க வேண்டியதில்லை. "எவ்வளவு தெளிவாகத் தருவீர்கள்?" என்று கேட்க வேண்டும். தெளிவான நகல் ஒன்று, செல்போனில் பார்க்கச் சுருக்கிய "எம்.பி.4" ஒன்று. தெளிவான நகலை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். ஒன்று சொந்த வீட்டில். மற்றொன்று அண்ணன் வீட்டிலோ, மகள் வீட்டிலோ. பழைய கேசட்டையும் எறிந்துவிட வேண்டாம். சந்திரன் படம் அப்படித்தான் தப்பியது.

இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று இணையத்தில் வருவதை எல்லாம் நம்பி, ஆதார் அட்டையையும் வீட்டுப் பத்திரத்தையும் ஏற்றிவிடக் கூடாது. அப்படிப்பட்ட சில தளங்கள் கம்ப்யூட்டருக்குள் திருட்டுப் புரோகிராமை நுழைக்கின்றன என்று, அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீசார் 2025 மார்ச் மாதம் எச்சரித்தார்கள்.

3 மணி நேரக் கேசட்டை மாற்ற 3 மணி நேரம் ஆகும். அதில் அவசரப்பட வழியில்லை. நாடா சிக்கிக் கொள்ளாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டிலேயே மாற்றுகிறவர்கள், அந்த நேரத்தில் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளலாம். பந்தியில் பரிமாறுகிறவர் யார், மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் சிறுமி யார், மாலை எடுத்துக் கொடுப்பவர் எந்த ஊர் மாமா என்று பெயர் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொண்டு, அந்தத் தாளையும் வீடியோவோடு சேர்த்து வைக்கலாம்.